வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

வேலை முடிந்ததும் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ஏரிக்கரை ஏற்றத்தில் நிறுத்துவார். ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். கியரில் போடமாட்டார், சக்கரத்துக்குக் கல் வைக்கமாட்டார். இறங்கி வந்து பின்சக்கரத்துக்கு இரண்டடி கீழே, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து வறுத்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போடுவார். பொட்டலம் தீர்கிறவரை எழுந்திருக்கமாட்டார். வண்டிக்குச் சொந்தக்காரன் ஓரமாக நின்று வியர்த்துக்கொண்டிருப்பான். பட்டாணி தீர்ந்ததும் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, "எடுத்துட்டுப் போ" என்பார். அவ்வளவுதான் அவர் கொடுக்கிற கேரண்டி.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், ஏரிக்கரையை ஒட்டி அவருடைய மெக்கானிக் ஷெட் இருந்தது. சிமெண்டு லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் ஓயாமல் போகிற ரோடு. தகரக் கூரை எந்த நிறமென்று யாரும் பார்த்ததில்லை, தூசிதான் நிறம். ஆள் ஒல்லி, ஐம்பதைத் தாண்டியவர், தனியாகவே வேலை பார்ப்பார். கைராசிக்காரர் என்று சொல்வார்கள். ஆனாலும் அவரிடம் கூட்டம் வராது. கிளட்ச் பார்க்க வந்தவனை ஹேண்ட் பிரேக் சரிபண்ணாமல் விடமாட்டார், அதுதான் காரணம். "ஓடத் தெரியாத வண்டிய ஓரமா போட்டுடலாம். நிக்கத் தெரியாத வண்டிய என்ன பண்றது?" என்று கேட்பார். லோடு வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே எரிச்சல். ஹேண்ட் பிரேக் என்பது எங்கள் பக்கத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்டப் போகிற அன்றைக்கு மட்டும் மாட்டுகிற சமாச்சாரம். காட்டிவிட்டு வந்து அவிழ்த்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் கல்தான்.

எங்கள் வண்டியில் அந்தக் கல்லைப் போடுகிறவள் நான்.

எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேப்பந்தட்டைப் பக்கத்துக் காடுகளில் சோளமும் சின்ன வெங்காயமும் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவருவது எங்கள் தொழில். ஒரு தடவை பாரம் தாங்காமல் பின் ஆக்சில் முறிந்துபோனது. பழைய இரும்புக் கடையில் வேறொரு பெரிய வண்டியின் ஆக்சிலை வாங்கி மாட்டிக்கொண்டோம். சக்கரம் சுற்றியது, பாரம் தாங்கியது, ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும் சேரவில்லை. புது ஆக்சில் ஒரு சாண் அகலம் கூடுதல், அதில் கேபிள் மாட்டுகிற இடமும் வேறு பக்கம். மாட்டிக் கொடுத்த ஆள் பழைய கேபிளைச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் சேஸிஸில் கட்டிவிட்டு, "அக்கா கூடத்தான வர்றாங்க, ஒரு கல்லப் போடச் சொல்லுங்க" என்றான். அன்றிலிருந்து வண்டி நிற்பதற்கு முன்பே நான் குதிக்க வேண்டும். கிழக்கே ஒரு குவாரி ஓரத்தில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல், ஒரு பக்கம் நத்தை போலச் சுருள் பதிந்திருக்கும். காலடியிலேயே கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்சக்கரத்தில் செருகி, "ம்" என்று கத்தினால்தான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். இரண்டு வருஷம் இப்படிப் போனது. விரலில் நகம் போயிருக்கிறது, முட்டி தேய்ந்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு குறையாக நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கிளட்ச் பிளேட்டுக்காக முதல் தடவை அவர் ஷெட்டுக்குப் போனோம். வழக்கம்போல நான் குதித்தேன், கல்லைச் செருகினேன், கத்தினேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்மா, நீதான் இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்கு வரவில்லை.

"வண்டில ஒண்ணு போச்சுன்னா வேற வாங்கி மாட்டிக்கலாம். இத வேற எங்க போய் வாங்குவ?" என்று என்னைக் காட்டி அவரைக் கேட்டார். "கேபிள் போட்டுட்டு எடுத்துட்டுப் போ. இல்லாட்டி கிளட்ச்சும் கெடையாது."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் எனக்காக யாரும் அப்படி ஒரு ஆளிடம் சண்டை போட்டதில்லை. அண்ணே என்று அன்றைக்கே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்கு எதையும் ஆட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்டூலில் உட்காருவதற்கு முன் அதை ஆட்டுவார். டீக்கடை பெஞ்சை ஆட்டுவார். ஏணியைக் கண்டால் ஏறுகிறாரோ இல்லையோ, ஒரு ஆட்டு. வாலிகண்டபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம், அவரும் வந்திருந்தார். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் மனுஷன் சும்மா இருக்கவில்லை. வெளியே வரிசையாக நின்ற கார்களை ஒவ்வொன்றாக முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஆறாவதோ ஏழாவதோ ஒரு வெள்ளைக் கார் மெல்ல உருண்டு போய், பூ அலங்கார வளைவின் காலில் முட்டியது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், வாழைமரம், எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. பெண்ணின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்க வந்துவிட்டார். இவரோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி, "பாத்தீங்களா! ஹேண்ட் பிரேக் போடல! புள்ளைங்க ஓடுற எடம்!" என்று கத்துகிறார். சாப்பிட விடாமலே அவரை வெளியே அனுப்பினார்கள். நான் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஒரு வண்டிதாம்மா மாட்டுச்சு, மத்ததெல்லாம் நின்னுச்சு" என்றார், சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு.

ஏன் இப்படி என்று டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவர் குழந்தை மேல் வண்டி ஏறிவிட்டது என்பான் ஒருவன். குழந்தையே கிடையாது என்பான் இன்னொருவன். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் நடக்கலம்மா" என்றார். "நடக்கக் கூடாதுன்னுதான். நான் கேபிள் போட்டு வுட்ட வண்டி இன்னைய வரைக்கும் ஒண்ணு உருண்டதில்ல. எனக்குன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்கு. அது இருக்கட்டும்."

எங்கள் வண்டிக்கு அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அடியில் படுத்து, ஒரு நூல்கயிற்றை லீவரிலிருந்து சக்கரம்வரை வளைத்து வளைத்து அளந்து, முடிச்சுப் போட்டு வைத்தார். அந்த நீளத்துக்கு வேறு ஏதோ வேனின் கேபிள்களைத் தேடிக் கொண்டுவந்தார். ஆக்சில் மேல் கேபிளைப் பிடித்துக்கொள்ளத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். இரண்டு சக்கரத்துக் கேபிளும் நடுவில் ஒரு தட்டில் சேர்ந்து, ஒற்றைப் பின்னில் மாட்டும். அதைத் திருகித் திருகி இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாகக் கொண்டுவந்தார். லீவரை மூன்று பல் இழுத்தால் சக்கரம் உரச வேண்டும், ஐந்து பல் இழுத்தால் அசையவே கூடாது. என்னைத்தான் இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். அவர் கீழிருந்து சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினார். அசையவில்லை.

பிறகு ஏரிக்கரை ஏற்றம், பட்டாணி. என் வண்டிக்குப் பின்னால் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது நான் கல்லைக் காலடியில் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவரோ தண்ணியில் கொக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கல்லை எடுத்துத் தன் பட்டறை மேசைக்கு அடியில் போட்டார். "இனிமே இது இங்க கெடக்கட்டும். நீ மகராசியா சீட்டுலயே உக்காந்திரு" என்றார்.

கிளம்பும்போது வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "காலி வண்டில அளவு வச்சிருக்கேன். பாரம் ஏறுனா ஸ்பிரிங் பட்டை அமுங்கும், ஆக்சில் மேல வரும். கேபிள் இழுத்துக்கவும் செய்யும், தொங்கவும் செய்யும். லோடோட ஒரு தடவ வாங்க. அரை மணி நேரந்தான். ஒரு திருகு வச்சு வுட்டுடறேன்."

"கண்டிப்பா வரோம்ணே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

சோள அறுப்பு தொடங்கியிருந்தது. அவர் ஷெட்டைத் தாண்டித்தான் குடோன். தினமும் லோடோடு அவரைத் தாண்டிப் போனோம். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ரோட்டோரம் வந்து கையை நீட்டுவார். இவர் ஹாரன் அடித்து, "நாளைக்குண்ணே" என்று கத்துவார். குடோன் மூடுவதற்குள் போக வேண்டும், பின்னால் பத்து வண்டி நிற்கும், அதுதான் அவசரம். திரும்பும்போது காலி வண்டி. அப்போது நிறுத்தி அவரோடு டீ குடிப்போம். காலியாக எத்தனையோ நாள் நிறுத்தினோம், லோடோடு ஒருநாளும் நிறுத்தவில்லை. இதை நினைத்து நினைத்து எனக்குத் தலை வலித்திருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சுகம் பழகிவிட்டது. வண்டி நிற்கும், நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். இவர் லீவரை இழுப்பார், டிக் டிக் என்று ஐந்து சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் சாவகாசமாக இறங்குவேன். மலையடிவாரத்தில் அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன். காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சரிவு. மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, கயிறு மட்டும் தளர்ந்திருந்தது. பேட்டரி வீக்காக இருந்ததால் இஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் வைத்து லீவரை இழுத்துவிட்டு அவரும் இறங்கினார். ஐந்து சத்தம் கேட்டது. நான் பின்னால் போய்க் கயிற்றை இழுத்தேன். எனக்குப் பின்னால் மோட்டார் கொட்டகைச் சுவர். வண்டி அவசரமே இல்லாமல்தான் வந்தது. மேல் உடம்பை விலக்கிக்கொண்டேன். வலது காலை எடுக்க நேரமில்லை.

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள் எங்கள் வீட்டுக்காரர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன இரும்புப் பின்னை எடுத்துக் காட்டினார். இரண்டு கேபிளையும் சேர்க்கிற பின். லோடு ஏற்றினால் பின்சக்கரம் சூடாகிறது, இரண்டு நாளாக பிரேக் லைனிங் கருகுகிற வாடை வருகிறது என்று, விபத்துக்கு முந்தின நாள் அவரே அடியில் புகுந்து அதை உருவிவிட்டார். அறுப்பு முடிந்ததும் ஷெட் அண்ணனிடம் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாராம், மறந்துவிட்டதாம். பழக்கத்தில் கை லீவரை இழுத்திருக்கிறது. கேபிளில்லாத லீவரும் அதே ஐந்து சத்தம்தான் போடும்.

அந்த வாடை எனக்கும் வந்திருந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு சீப்புப் பழம். உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிலின் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஆட்டினார். ஒரு சக்கரத்தின் பூட்டு வேலை செய்யவில்லை. பழம் சுற்றிவந்த காகிதத்தை மடித்து அதற்கு அடியில் செருகினார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"கேபிள் அறுந்துச்சாம்மா?"

என் கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தால் எங்கள் வீட்டுக்காரரை அங்கேயே அடித்துப் போட்டிருப்பார்கள். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். காலும் போய், அவரையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

"லீவரப் போட்டிருந்தாருண்ணே" என்றேன். "புடிக்கல."

"புடிக்கலயா?"

"புடிக்கல."

வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று கேட்டார். ஸ்டேஷனில் நிற்கிறது, கிட்டே விடமாட்டார்கள் என்றார் எங்கள் வீட்டுக்காரர். வண்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றது. ஒரு மாதத்துக்குள் திருமானூர்ப் பக்கம் கரும்பு ஏற்றுகிற ஒருவருக்கு அதைத் தள்ளிவிட்டார்.

அண்ணன் அன்றைக்குப் போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன். கேவலமாக இருந்தது.

பிறகு அவரைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். கேபிள் வேலையை எடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம், "கல்லப் போட்டுக்குங்க, அதுதான் நிக்கும்" என்கிறார். ஏரிக்கரை ஏற்றத்துக்கு எந்த வண்டியும் போவதில்லை. ஷெட்டில் நிற்கிற வண்டிகளுக்கு நாலு சக்கரத்துக்கும் கல் வைத்திருக்கிறார். மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள், ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் போனேன். கட்டைக்கால் பழகியிருந்தது. எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பீரோவில் அவர் ஒளித்து வைத்திருந்த பின்னை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஆட்டோ பிடித்து, பட்டப்பகலில் போய் இறங்கினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதன் ஒரு கால் உடைந்து பக்கத்தில் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது, அது ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, உங்க கேபிள் மேல தப்பில்ல" என்றேன். "அன்னைக்கு அது மாட்டியே இல்ல. முந்துன நாளே எங்க வூட்டுக்காரரு பின்ன உருவிட்டாரு. ஆஸ்பத்திரில நான் பொய் சொல்லிட்டேன். இந்தாங்க, இதான் அது."

பின்னை வாங்கினார். சட்டையில் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கேபிள் அறுவல."

"அறுவலண்ணே."

"தகடு வுட்டுப்போவல."

"ஒண்ணும் ஆவல. எல்லாம் நீங்க வச்சது வச்சபடி இருந்துச்சு."

சிரித்தார். நான் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பு. என்னைத் திட்டவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கடவுளே, அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

"பின்ன ஏன் உருவினாராம்?" என்று கேட்டார். சும்மா, வேலை செய்கிறவன் கேட்கிற கேள்வி.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் பொய்யைச் சுமந்துவிட்டு, இனி ஒரு சொல் பொய் சொல்லக் கூடாது என்ற வீம்பில் இருந்தேன்.

"லோடு ஏத்துனா சக்கரம் சூடாச்சாம். லைனிங் கருகுற வாடையும் வந்துச்சு. அதான் உருவிட்டேன்னாரு."

பின்னைச் சுழற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ரெண்டு சக்கரமுமா?"

"ரெண்டுந்தான்."

"லோடு எறக்கிட்டா சரியாயிடுதா?"

"ஆயிடும்."

அவர் பின்னை உள்ளங்கையில் வைத்து மூடினார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப அளவு தப்பு" என்றார்.

"இல்லண்ணே! லோடோட வாங்கன்னு நீங்க சொன்னீங்க. நாங்கதான் வரல. தெனமும் இந்த வழியாத்தான் போனோம், நிறுத்தல. அது எங்க தப்பு."

"நீங்க வரணும்னு நான் ஏன் காத்துக் கெடக்கணும்? அந்தா குவிஞ்சு கெடக்குது பாரு செங்கல். அன்னைக்கும் அங்கதான் கெடந்துச்சு. ஒரு பாரம் ஏத்திப் பாத்துட்டு வுட்டிருந்தா இழுக்குறது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இழுக்கலன்னா அவரு ஏன் உருவப்போறாரு?" பின்னை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "காலி வண்டிக்குப் பின்னால குந்திக்கிட்டுப் பட்டாணி தின்னேன்."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"ஒரு வேள என் மேல தப்பிருக்காதோன்னு ரெண்டு வருஷமா ஒரு ஓரத்துல நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நல்லதுதான்."

நான் என்னென்னவோ சொன்னேன். அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எழுந்து நடந்தேன். அவர் பட்டறை மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, என் கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நத்தைச் சுருளில் கிரீஸ் அப்பியிருந்தது. அதை வேட்டி முனையால் துடைத்துவிட்டு ஆட்டோவில் என் கட்டைக்கால் பக்கத்தில் வைத்தார்.

"வச்சுக்க. வேற எந்த வண்டில போனாலும் இதக் கொண்டுபோ."

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் கல்லைப் பார்த்தார். என் கையிலிருந்த கைக்குட்டை முடிச்சையும் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய், கொல்லையில் முன்பு வண்டி நின்ற இடத்தில் போட்டார்.